வின்ச்சுவின் பன்னிரண்டாவது சாமான்

1969-ஆம் வருடம் மே மாதம் பத்தாம் தேதி, சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். அக்னி நட்சத்திரத்தின் ஏழாவது நாள். ராயபுரத்தில் ஒன்றரை மணிக்குள் கடற்காற்று வந்துவிடும். அன்று நாற்பது நிமிடம் கடந்தும் வரவில்லை. கொடியில் கிடந்த ஒன்பது துணிகளில் ஒன்றுகூட அசையவில்லை. துறைமுகத்து நிலக்கரித் தூசி மட்டும் எப்போதும்போல இறங்கிக்கொண்டிருந்தது.

நேரம் எப்படி இவ்வளவு சரியாக ஞாபகம் இருக்கிறது என்று என் மகன் கேட்பான். அன்று நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். நள்ளிரவுக்கு இன்னும் ஒன்பது மணி ஐம்பது நிமிடம் பாக்கி. அதுவரை எங்கள் நாய் எதையும் கடிக்காமல் இருந்தால் அது எங்கள் வீட்டிலேயே இருக்கலாம். கடித்தால் மறுநாள் மீஞ்சூர் லாரி.

நாயின் பெயர் வின்ச்சு. கப்பலில் சரக்கு தூக்கும் யந்திரத்துக்குத்தான் வின்ச் என்று பெயர். எதைக் கண்டாலும் பல்லால் பற்றி இழுப்பதால் மாமா அப்படி வைத்தார். செம்மண் நிறம், பெட்டை, பதினொரு மாதம். ஆறு குடித்தனத்துக்கு ஒரு குழாய் உள்ள அந்த வீட்டில், எங்கள் பங்குக்கு ஒரு அறையும் ஒரு அடுப்படியும் இருந்தன. அதில் அப்பா, அம்மா, நான், அம்மாவின் தம்பியான மாமா, வின்ச்சு என்று ஐந்து உயிர். நாய்க்குச் சுற்றிவர இடமில்லை. எட்டடி போகும், திரும்பும், எட்டடி வரும். பிறகு உட்கார்ந்து எதையாவது கடிக்கும். எனக்கும் அதே நிலைமைதான். வயது பத்து, கோடை விடுமுறை. வெளியே போனால் வெயில் என்பார்கள், உள்ளே இருந்தால் காலில் இடறுகிறேன் என்பார்கள். நான் நகத்தைக் கடித்தேன்.

ஏப்ரல் மூன்றாம் வாரத்துக்குள் வின்ச்சு பதினொரு சாமான்களை முடித்திருந்தது. குடைப்பிடி, ஜெபப் புத்தகத்தின் மூலை, பக்கத்துக் குடித்தனத்தின் தேங்காய்நார் மிதியடி, என் பூகோளப் படப்புத்தகத்தில் ஆப்பிரிக்கா... மீதி ஏழையும் எழுதினால் உங்களுக்கு அலுத்துவிடும். அப்பா துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை நின்று எண்ணி எழுதுவது அவர் வேலை. நான்கு மூட்டைக்கு நான்கு கோடு, ஐந்தாவதுக்குக் குறுக்கே ஒரு கோடு. இருபது வருடத்தில் ஒரு மூட்டைகூடப் பிசகியதில்லை என்று பெயர். ஏப்ரல் இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் என்னை எதிரில் நிறுத்தினார்.

"இன்னியோட பதினொண்ணு. இன்னும் மூணு வாரம் பார்ப்பேன். மே பத்து, சனிக்கிழமை ராத்திரிக்குள்ள பன்னெண்டாவது ஒண்ணு போச்சுன்னா, ஞாயித்துக்கிழமை லாரியில மீஞ்சூருக்கு ஏத்திடுவேன். செங்கல் சூளையில கட்டிப்போட ஆள் இருக்கான். போகலைன்னா இங்கியே இருக்கட்டும். அப்புறம் நான் பேசமாட்டேன்."

அப்பா ஒரு வார்த்தை சொன்னால் அது எழுதிக் கையெழுத்துப் போட்ட மாதிரி. எனக்கு அழுகை வரவில்லை, கணக்குத்தான் வந்தது. இருபத்தோரு நாள், எழுநூறு ரூபாய்க் கடன்காரன்போல ராத்திரியெல்லாம் விழித்தேன்.

வழி சொன்னவர் மாமா. அவர் ஒரு தனியார் சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்குபவர். அதற்குமுன் கப்பலில் ஏறிச் சரக்கு இறக்கியவர். ஒரு கிரேக்கக் கப்பலில் கேப்டன் நாய் வளர்த்ததை அவர் பார்த்திருக்கிறார். நடுக்கடலில் நாய்க்குப் பைத்தியம் பிடிக்காமல் இருக்க, சமையல்காரர் மூன்று குவளைகளைக் கவிழ்த்து ஒன்றின் அடியில் ரொட்டித் துண்டை வைத்து, எதில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்வாராம்.

"நாய்க்கும் மூளைக்கு வேலை வேணும்டா. சொம்மா குந்திகினு இருந்தா அதுக்குப் பேஜாரு. உங்கப்பனுக்கு எண்றதுக்கு மூட்டை கீது. அதுக்கு இன்னா கீது? அதையும் கொஞ்சம் கண்டுக்கோ."

கண்டுக்கோ என்றால் கவனித்துக்கொள் என்று அர்த்தம். எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. அதையே கட்டளையாக வைத்துக்கொண்டேன்.

முதலில் மூன்று அலுமினிய டம்ளர்கள், ஒன்றின் அடியில் ஒரு நெத்திலிக் கருவாடு. "கண்டுக்கோ!" வின்ச்சு முதல் நாள் மூன்று டம்ளரையும் நக்கியது, ஒன்றை நசுக்கியது, நான்கு நிமிடம் ஆனது. ஐந்தாம் நாள் பதினொரு விநாடி. அதற்குமேல் டம்ளர் அதற்குப் பாலர் வகுப்பாகிவிட்டது. பால் டின்னில் ஆணியால் ஏழு ஓட்டை போட்டு உள்ளே வறுத்த கடலை போட்டேன். உருட்டினால் ஒன்றொன்றாக விழும். கந்தல் துணியில் கருவாட்டை வைத்து முடிச்சு, முடிச்சின்மேல் முடிச்சு. பிறகு அந்த முடிச்சையே எங்காவது ஒளித்துவைத்துத் தேடச்சொன்னேன்.

அங்கேதான் தகராறு வந்தது. ராயபுரத்தில் கருவாட்டை ஒளித்தால் எந்த நாய் கண்டுபிடிக்கும்? தெருவே கருவாடு. ஆறு குடித்தனத்தில் நான்கின் கூரையில் கருவாடு காய்கிறது. வின்ச்சு மூக்கைத் தூக்கி நாலு திசையும் பார்த்துவிட்டுத் தலையைச் சாய்த்து என்னைப் பார்க்கும். எங்கள் தெருவில் இல்லாத ஒரு வாசனை வேண்டும். மாமாவுக்குப் பல்வலி. ஆணியில் தொங்கும் அவர் சட்டைப்பையில் எந்நேரமும் கிராம்பு இருக்கும். தினம் இரண்டு எடுத்துக் கருவாட்டோடு முடிந்தேன். அவரிடம் கேட்கவில்லை. இரண்டு கிராம்புக்கு என்ன கேட்பது?

பிறகு வின்ச்சுவுக்குத் தப்பே நேரவில்லை. அரிசி டின்னுக்குப் பின்னால், மாதா படத்தின் மேடைக்குக் கீழே, மடித்த பாய்க்குள், எங்கே ஒளித்தாலும் "கண்டுக்கோ" என்றால் போய் முடிச்சைக் கவ்விக்கொண்டுவந்து என் காலடியில் போடும். இருபது நிமிடம் இப்படி விளையாடினால் இரண்டு மணி நேரம் செத்ததுபோலத் தூங்கும். ஒரு நோட்டில் தேதி போட்டு, கடித்த சாமான் என்ற கட்டத்தில் தினமும் பூஜ்யம் எழுதிவந்தேன். இருபது பூஜ்யம். என் விரல்களில்கூடப் பத்து நகமும் வளர்ந்திருந்தன.

இருபத்தோராவது நாள்தான் அந்தச் சனிக்கிழமை.

இரண்டு பத்துக்குக் கதவருகில் ஒருவர் நின்றார். வெள்ளைச் சட்டை, கையில் குடை, அக்குளில் தோல்பை. மாமாவின் கிடங்கு ரைட்டர். கணக்கு எழுதுபவரை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். மாமா தரையில் லுங்கியோடு படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். அப்பா வேலையில் இருந்தார். அம்மா அடுப்படியிலிருந்து மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றாள்.

ரைட்டர் உட்கார்ந்து, குடையைச் சுவரில் சாய்த்து, தோல்பையைத் தரையில் வைத்தார். புத்தம் புதுத் தோல். வின்ச்சு எழுந்து உட்கார்ந்தது.

"மூணு மூட்டையில எடை கொறையுது," என்றார் ரைட்டர். "நீ இன்னா சொல்றே?"

"எலி சார்."

"எலி கிராம்பு துன்னுமா?"

"நம்ம ஏரியா எலி எதுவும் துன்னும் சார்."

அவர்கள் பேச்சு எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. நான் பையின் வாரையும் வின்ச்சுவின் வாயையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டுக்கும் நடுவே ஒன்றரை அடி. பிறகு ஒரு அடி. அது பன்னிரண்டாவது சாமான் ஆகப்போகிறது, அதுவும் பிறத்தியார் சாமான். ஒளித்துவைக்க என்னிடம் முடிச்சு தயாராக இல்லை. சும்மாவாவது தேடிக்கொண்டு அலையட்டும், பையை மறந்தால் போதும் என்று மெதுவாகச் சொன்னேன்: "கண்டுக்கோ."

வின்ச்சு பாய்ந்து எழுந்தது. அறையை ஒரு சுற்றுச் சுற்றி மாமாவின் தகரப்பெட்டிக்குப் பின்னால் தலையை விட்டது. முடிச்சோடு வந்தது. நான் கட்டிய முடிச்சு அல்ல. முந்தின நாள்வரை அது அங்கே இருந்ததில்லை. கைமுட்டி அளவு, சாக்குத் துணியில் கட்டியது. என் காலடியில் போட்டது. வீடெல்லாம் கிராம்பு வாசனை.

ரைட்டர் குனிந்து எடுத்து மோந்து பார்த்தார்.

"இன்னாபா இது, எலியா?"

மாமாவின் முகம் சுண்டிவிட்டது. இரண்டு கையையும் சேர்த்தார். "சார், சார், கண்டுக்காதீங்க சார்."

வின்ச்சுவின் காது நிமிர்ந்தது. அதற்குத் தெரிந்தது சொல்லின் முன்பாதி. பின்பாதியில் அதை மறுத்திருப்பது அதற்கு எப்படித் தெரியும்? ஓடியது. மடித்த பாய்க்குள்ளிருந்து இரண்டாவது முடிச்சு வந்தது.

"அடச்சீ, குந்து!" என்று மாமா அதன்மேல் பாய்ந்தார். பிறகு ரைட்டரிடம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "சார், நான் உங்களைக் கண்டுக்கறேன் சார்," என்றார்.

மூன்றாவது, மாதா மேடைக்குக் கீழிருந்து. அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

ரைட்டர் மூன்றையும் வரிசையாக வைத்து, மீசையைத் தடவிக்கொண்டார். "எவ்ளோ கண்டுக்குவே?"

நான்காவது. அதை வின்ச்சு என்னிடம் போடவில்லை. யார் கட்டளை இடுகிறார்களோ அவர்களிடம் கொடுக்கவேண்டும் என்று நினைத்து ரைட்டரின் மடியில் வைத்து வாலை ஆட்டியது. எனக்கு மார்பு விம்மியது. பெரியவர்கள் இரண்டு பேரும் என் விளையாட்டை இவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டு மாறிமாறி ஆடுகிறார்களே என்று கை தட்டினேன். தட்டியது நான் ஒருவன்தான்.

அம்மா முன்னால் வந்தாள். "அண்ணே, என் தம்பி அறியாத பையன். வேலையை வுட்டு நிறுத்திட்டீங்கன்னா எங்க போவான்? இந்த ஒரு தபா கண்டுக்காம வுட்டுடுங்க."

ஐந்தாவது, அம்மாவின் பழைய புடவை மூட்டைக்குள்ளிருந்து வந்தது. மற்ற நான்கும் சணல் கயிற்றால் கட்டியவை. இது துணியின் மூலைகளையே இழுத்து, இரண்டு முறை முறுக்கிப்போட்ட முடிச்சு. அம்மா சில்லறையை முந்தானையில் அப்படித்தான் முடிவாள். முடிச்சுகளில் எனக்கு மூன்று வாரப் பழக்கம். பார்த்ததும் தெரிந்தது. தெரிந்து, அம்மாவும் ரகசியமாக வின்ச்சுவுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறாள் என்று சந்தோஷப்பட்டேன்.

அதன்பின் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. ரைட்டர் மட்டும் சோதித்துப் பார்ப்பதுபோல வின்ச்சுவிடம், "கண்டுக்கோ," என்றார். அது அறையைச் சுற்றிவந்து, ஆணியில் தொங்கிய மாமாவின் சட்டைக்குக் கீழே உட்கார்ந்து சட்டைப்பையையே பார்த்தது. ரைட்டர் முதன்முறையாகச் சிரித்தார்.

ஐந்து முடிச்சையும் பைக்குள் போட்டார். அவை மூட்டைக்குத் திரும்பினவா, வேறெங்காவது போயினவா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. எழுந்து நின்று மாமாவிடம் சொன்னார்:

"நான் இங்க வரவேயில்லை. திங்கக்கெயமை வேலைக்கு வா. ஆனா இந்த நாயை எனக்குக் குடு."

"நாயா சார்?"

"கிடங்குல கட்டிவைக்கப் போறேன். சாயங்காலம் வெளிய போற ஒவ்வொருத்தன் வேட்டியையும் அது மோந்து பார்க்கட்டும்."

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்க்காமல் தலையசைத்தாள்.

நான் நோட்டை எடுத்துவர ஓடினேன். பக்கத்தைத் திறந்து ரைட்டருக்கு நேரே நீட்டினேன். இருபது பூஜ்யம், சார். இன்றைக்கும் இதுவரை பூஜ்யம். ஒன்பது மணி நேரம்தான் பாக்கி. அது எதையும் கடிக்கவில்லை. கடித்தால்தான் போகவேண்டும், கடிக்காவிட்டால் இருக்கலாம், அப்பா சொல்லியிருக்கிறார். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் நோட்டை வாங்கி முதலிலிருந்து கடைசிவரை விரல்வைத்துப் பார்த்தார். கணக்கு எழுதுபவர் அல்லவா. "சரியா எழுதிக்கீறே," என்று திருப்பிக் கொடுத்தார்.

சணல் கயிற்றை மாமா கட்டினார். அழுதால் சொல்லவேண்டியதை மறந்துவிடுவேன் என்று பயந்து, தெருமுனைவரை ரைட்டரோடு நடந்து எல்லாவற்றையும் சொன்னேன். தினம் இருபது நிமிடம் விளையாட்டுக் காட்டவேண்டும், டம்ளர் வேண்டாம், அது அதற்குச் சுலபம், பால் டின்னில் கடலை ஏழுக்குமேல் போடக்கூடாது, கண்டுபிடித்தால் கருவாடு தராமல் ஏமாற்றக் கூடாது. அவர் ஒவ்வொன்றுக்கும் "சரிப்பா" என்றார். நான்கு சரிப்பா. வின்ச்சு திரும்பிப் பார்க்கவில்லை. புதுத் தோல்பையின் வாசனை அதன் மூக்குக்கு நேரே இருந்தது.

(அது அந்தக் கிடங்கில் ஏழு வருடம் இருந்தது. மாமா இரண்டே மாதத்தில் அந்த வேலையை விட்டு ரயில்வே யார்டுக்குப் போனார். "அந்த நாய் இருக்கற எடத்துல மனுசன் பொழைக்க முடியாது" என்றார்.)

வீட்டுக்குத் திரும்பி வந்தபோது மணி மூன்றே கால். மாமா தரையில் உட்கார்ந்து, அப்பா பூசைக்குப் போட்டுப்போகும் கறுப்புச் சப்பாத்தின் இடதுகாலை முழங்கால்களுக்கு நடுவே பிடித்து, குறடால் கடித்துக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தார். குதிகாலில் தோல் பிளந்து வந்தது. அம்மா பக்கத்தில் நின்று, "போதும், போதும், நாயி இம்மாம் கடிக்காது," என்றாள். பிறகு சப்பாத்தை வாங்கி, குழாய்த் தண்ணீரில் நனைத்து, எச்சில்போல ஈரமாக்கி மூலையில் போட்டாள்.

என்னிடம் வந்து என் தோளைப் பிடித்தாள். "அப்பா வந்து கேட்டா, பன்னெண்டாவது கடிச்சிடுச்சின்னு சொல்லு. அதான் இன்னிக்கே மீஞ்சூர் லாரியில ஏத்தி அனுப்பிட்டோம். இன்னா?"

"ஆனா கடிக்கலையேம்மா. பதினொண்ணுதான்."

"பன்னெண்டுன்னு சொல்லு."

அம்மா என்னிடம் அதுவரை எத்தனையோ பொய்கள் சொல்லியிருக்கலாம். எண்ணிக்கையில் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் அவளை வெறுத்தேன். மாமாவின் வேலைக்காகவும், மாமாவை அப்பா வீட்டைவிட்டு அனுப்பிவிடாமல் இருப்பதற்காகவும் அவள் அங்கே நின்றாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. எனக்குத் தோன்றியதெல்லாம், வின்ச்சு செய்யாத ஒன்றை அதன் பெயரில் எழுதுகிறார்கள் என்பது மட்டும்தான்.

அப்பா ஐந்தே முக்காலுக்கு வந்தார். அம்மா சொன்னாள். அவர் சப்பாத்தை எடுத்து ஜன்னலோரம் போனார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெருவிரலால் ஒவ்வொரு தடத்தையும் தொட்டுப் பார்த்தார். உதடு அசைந்தது. எண்ணுகிறார் என்று எனக்குத் தெரியும். மாமா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பன்னெண்டா?" என்று அப்பா என்னைப் பார்த்துக் கேட்டார்.

"பன்னெண்டுப்பா."

"சரி."

அவ்வளவுதான். நோட்டில் அன்றைய கட்டத்தில் நான் ஒன்று என்று எழுதவேண்டும். எழுதவில்லை, காலியாக விட்டேன். மறுநாள் பூசைக்கு அப்பா அந்தச் சப்பாத்தையே போட்டுக்கொண்டு போனார். குதிகால் டப்டப் என்று அடித்தது. வரும்போது எங்களை முன்னால் போகச்சொல்லிவிட்டு அவர் மட்டும் பதினைந்து நிமிடம் கழித்து வந்தார்.

திங்கட்கிழமை காலை என்னைக் கூப்பிட்டார். "உன் நாய் கடிச்சது. உன் உண்டியலை உடைச்சி, ஸ்டேஷன் படிக்கட்டுகிட்ட குந்தியிருக்கற ஆளாண்ட தைச்சிக்கினு வா."

உண்டியலில் ஒரு ரூபாய் முப்பத்தெட்டுக் காசு இருந்தது. சப்பாத்தைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு போனேன். தைப்பவர் ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார்.

"இன்னா ஆச்சு?"

"நாய் கடிச்சிடுச்சி."

"நாயா?" அவர் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஆளிடம் சப்பாத்தைத் தூக்கிக் காட்டினார். "பாரு மாமு. குறடாட்டம் பல்லு வச்ச நாயி ராயபுரத்துல கீதாம்." இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"அண்ணே, அப்பாகிட்ட சொல்லிடாதீங்க."

"உங்க நைனாவா? நேத்தே வந்து காட்டிட்டுத்தான போனாரு. அவராண்டயும் இதையேதான் சொன்னேன். அவரு சரின்னு கேட்டுக்கினு, பையனை அனுப்பறேன், தைச்சிக் குடுன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு." ஊசியில் நூலைக் கோத்தார். "நீ ஏன்டா அழுவறே? நல்லாத் தைச்சித் தர்றேன்."

அவர் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் என் காதில் விழுந்தது. எதையும் கூட்டிப் பார்க்கத் தெரியவில்லை. இந்த ஆள் அப்பாவிடம் இன்னொரு தடவை சொல்லிவிடக் கூடாதே என்ற ஒரே பயம்தான் இருந்தது.

வீட்டில் அப்பா வேலைக்குக் கிளம்பி நின்றார். தைத்த சப்பாத்தைக் கையில் கொடுத்தேன். காலில் மாட்டி, குதிகாலைத் தரையில் இரண்டு முறை தட்டிப் பார்த்தார்.

"அந்த ஆள் இன்னா சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லலப்பா."

அவர் முகம் தளர்ந்தது. சனிக்கிழமையிலிருந்து அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை. அடுப்படியில் அம்மா பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. இருபது வருடமாக ஒரு மூட்டை பிசகாத மனிதரை நான் ஏமாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். அந்த வாரமே கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன்: அப்பாவிடம் பொய், இரண்டு. சாமியார் ஆறு அருள்நிறை மந்திரம் சொல்லச்சொன்னார்.

"எவ்ளோ வாங்கினான்?" என்று அன்று வேலைக்குப் படியிறங்கும்முன் அப்பா வாசலில் நின்று கேட்டார்.

நான் உள்ளபடி சொன்னேன். ஒரு ரூபாய் பத்துக் காசு.